நிலக்கரிக்குப் பதில் எது: கூடங்குளமா, முப்பந்தலா?

ராதாபுரம் வட்டாரத்துச் சாலைகளில் போனால் இரண்டு பக்கமும் காற்றாலைகள்தான். கூடங்குளத்தை நெருங்க நெருங்க, அந்தக் காற்றாலைகளுக்கு நடுவிலேயே அணுஉலைகளின் வட்டக் கூரைகள் தெரியத் தொடங்கும். புகைபோக்கி இல்லாமல் மின்சாரம் எடுக்கும் இரண்டு வழிகளும் ஒரே பொட்டலில், ஒரே கடற்காற்றில் நிற்கின்றன. ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் போகும்போதும் எனக்கு எழும் கேள்வியைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். அடுத்த 15 ஆண்டுகளில் தமிழ்நாடு நிலக்கரியை விட்டு வெளியே வர வேண்டுமென்றால், இருக்கிற பணத்தையும் காலத்தையும் எதில் போடுவது: கூடங்குளம் மாதிரி அணுஉலையிலா, கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தல் மாதிரி காற்றாலையிலா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடுகிற உலைகளை ஓட விட வேண்டும். கட்டிக்கொண்டிருப்பதை ஒழுங்காக முடிக்க வேண்டும். புது ஊரில் புது உலை வேண்டாம். அடுத்து செலவழிக்கும் ரூபாய் காற்றுக்கும் சூரியனுக்கும் போக வேண்டும். அதைவிட அவசரமாக, அந்த மின்சாரத்தைச் சேமித்து வைக்கவும் கொண்டுபோய்ச் சேர்க்கவும் போக வேண்டும். இந்த முடிவுக்கு நான் சுலபமாக வந்துவிடவில்லை. அணுமின்சாரத்தின் பக்கம் இருக்கும் நியாயம் சிறியதல்ல.

நிலக்கரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு 2014இல் வெளியிட்ட கணக்குப்படி, சுரங்கம் தோண்டுவது முதல் நிலையத்தை இடிப்பது வரை எல்லாவற்றையும் சேர்த்தால், நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 820 கிராம் கரியமில வாயு. எரிவாயுவில் 490. பெரிய சூரியப் பண்ணையில் 48. அணுமின்சாரத்தில் 12, தரையில் நிற்கும் காற்றாலையில் 11. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்த சேற்றில் இறங்கி மீன் பிடிப்பவர்களிடம் இந்த எண்களை விளக்கத் தேவையில்லை. இவ்வளவு தெரிந்த பிறகும் உடன்குடியில் 1,320 மெகாவாட்டுக்குப் புது அனல் மின் நிலையம் கட்டுகிறோம். காரணம், தேவை ஏறிக்கொண்டே போகிறது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மாற்று தயாராக இல்லாதபோது கையில் கிடைப்பது நிலக்கரிதான்.

ஆக, அணுவும் காற்றும் சுத்தத்தில் ஏறக்குறைய சமம். எவ்வளவு மின்சாரம், எப்போது, என்ன விலையில், யாருடைய தலையில் பாரம் ஏற்றிக் கிடைக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

அணுஉலையின் பலம்

ஒரு 1,000 மெகாவாட் உலை ஆண்டில் 80 சதவீத நேரம் ஓடினால் 700 கோடி யூனிட் தரும். அதே 700 கோடி யூனிட்டைச் சூரிய ஒளியில் எடுக்க 4,000 மெகாவாட் தகடுகள் வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரியப் பண்ணைக்குச் சுமார் 2,500 ஏக்கர் ஆனது. அந்தக் கணக்கில் 4,000 மெகாவாட்டுக்கு 15,000 ஏக்கர் தாண்டும். கருவேலம் மண்டிய மானாவாரி நிலம்தானே என்று சொல்லலாம். ஆனால் ஆடு மேய்ப்பவருக்கும் கண்மாயை நம்பி விதைப்பவருக்கும் அது வெறும் நிலம் இல்லை. அந்த 700 கோடி யூனிட்டையும் நிலக்கரியில் எடுக்காமல் உலையில் எடுத்தால், ஆண்டுக்கு 56 லட்சம் டன் கரியமில வாயு மிச்சம். ஒரே ஒரு உலையால் இவ்வளவு.

பிரான்ஸ் இதைச் செய்து காட்டிய நாடு. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1974இல் பிரதமர் மெஸ்மர் ஒரு திட்டத்தை அறிவித்தார். ஒரே மாதிரி வடிவமைப்பு, ஒரே அரசு நிறுவனம், அடுத்தடுத்து கட்டிக்கொண்டே போவது. பதினைந்து ஆண்டுகளுக்குள் ஐம்பதை ஒட்டிய உலைகள் எழுந்தன. இன்றும் அந்த நாட்டு மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அணுவிலிருந்துதான் வருகிறது. காலநிலையை மனத்தில் வைத்து அவர்கள் அதைச் செய்யவில்லை. ஆனாலும், ஒரு பெரிய நாடு மின்சாரத்தை இவ்வளவு வேகமாக நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் விடுவித்ததற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பக்கத்து நாடான ஜெர்மனி, நிலக்கரி நிலையங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே 2023 ஏப்ரல் 15 அன்று தன் கடைசி மூன்று உலைகளையும் மூடியது. அது தப்பான வரிசை என்பது என் கருத்து. ஏற்கெனவே கட்டிவிட்ட, நல்ல நிலையில் ஓடுகிற உலையை நிலக்கரிக்கு முன்னால் மூடுவதில் பூமிக்கு லாபம் இல்லை.

இன்னொரு பலம், உலை பருவம் பார்ப்பதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

25 ஆண்டுகள்

கூடங்குளத்துக்கான ஒப்பந்தத்தில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கையெழுத்திட்டது 1988 நவம்பரில். மூன்று ஆண்டுகளில் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது. கட்டுமானம் தொடங்கியது 2002இல். முதல் உலையிலிருந்து மின்சாரம் கிரிட்டுக்குள், அதாவது பொது மின்கட்டமைப்புக்குள், வந்தது 2013 அக்டோபரில். கையெழுத்துப் போட்ட ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது 25 வயது. முதல் இரண்டு உலைகளுக்குப் போட்ட மதிப்பீடு 13,171 கோடி ரூபாய். அது பிறகு 22,462 கோடி ஆனது. உலை எதிர்ப்புப் போராட்டத்தால்தான் தாமதம் என்று சொல்பவர்கள் உண்டு. போராட்டம் சூடு பிடித்தது 2011இல். அதற்கு முன்பே முதல் உலை குறித்த தேதியைத் தாண்டி ஆண்டுகள் கடந்துவிட்டன. 2017இல் கான்கிரீட் போடத் தொடங்கிய 3, 4ஆம் உலைகள் எட்டு ஆண்டுகள் கழித்தும் மின்சாரம் தரவில்லை. கல்பாக்கத்தில் 500 மெகாவாட் ஈனுலையின் (ஓடும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் உலை) கட்டுமானம் 2004இல் தொடங்கியது; 2010இல் முடிக்கத் திட்டம். அதன் மையத்தை நிரப்பும் வேலை தொடங்கியதே 2024 மார்ச்சில்தான்.

இது நம் ஊர்ச் சுணக்கம் மட்டும் இல்லை. பதினைந்து ஆண்டில் ஐம்பது உலை கட்டிய அதே பிரான்ஸ், ஃபிளமான்வில் என்ற இடத்தில் ஒரே ஒரு புது உலையை 2007இல் தொடங்கி 2024 டிசம்பரில்தான் கிரிட்டோடு இணைத்தது. 330 கோடி யூரோ என்று போட்ட மதிப்பீடு 1,300 கோடியைத் தாண்டியது. கட்டிப் பழகிய கைகள் ஓய்வு பெற்றுப் போய்விட்டன, பாதுகாப்பு விதிகள் இறுகிவிட்டன, ஒவ்வொரு வெல்டிங்கையும் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சோதனை கட்டாயம் வேண்டும், அதை யாரும் குறைக்கச் சொல்ல முடியாது. ஆனால் அதற்கான விலையும் காலமும் உண்மை.

காலநிலைக் கணக்கில் காலமே பணம் மாதிரி. கரியமில வாயு காற்றில் சேர்ந்துகொண்டே போகும் சரக்கு. 2040இல் நிறுத்தப்படும் ஒரு டன்னைவிட 2028இல் நிறுத்தப்படும் ஒரு டன் பூமிக்கு நல்லது. இடையில் பன்னிரண்டு ஆண்டு வெப்பம் மிச்சம். கமுதிப் பண்ணையைக் கட்டி முடிக்க ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. புது இடத்தில் இன்று முடிவெடுக்கும் உலை, எல்லாம் சரியாக நடந்தாலும் 2040ஐ ஒட்டித்தான் மின்சாரம் தரும். அதுவரை அந்த இடத்தை நிரப்பப்போவது நிலக்கரி. புது உலைக்கு எதிராக என்னிடம் இருக்கும் மிகப் பெரிய வாதம் இதுதான். கதிர்வீச்சு பயத்துக்கு இதற்கு அடுத்த இடம்தான் கொடுப்பேன்.

விலையிலும் பெரிய சமாதானம் இல்லை. கூடங்குளத்து மின்சாரம் யூனிட்டுக்கு ஏறத்தாழ 4 ரூபாய். சூரிய மின்சாரத்துக்கு நம் நாட்டு ஏலங்களில் 3 ரூபாய்க்குக் கீழே கேட்கத் தொடங்கி பல ஆண்டுகள் ஆகின்றன. இந்த இரண்டையும் நேராக வைத்து ஒப்பிடுவது முழு நியாயம் ஆகாது. ஒன்று நடு ராத்திரியிலும் கிடைக்கும், மற்றொன்று கிடைக்காது. சேமிப்புச் செலவைச் சேர்த்தால்தான் கணக்கு சரியாகும்.

இடிந்தகரையில் கேட்ட கேள்விகள்

2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி கல்பாக்கத்துக்குள் வந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. ஈனுலைக்குத் தோண்டியிருந்த பள்ளம் கடல்நீரால் நிறைந்தது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. உலை தாங்கியது என்பதும் உண்மை, கடல் அவ்வளவு தூரம் வரும் என்று யாரும் அதற்கு முன் நினைக்கவில்லை என்பதும் உண்மை. ஏழு ஆண்டுகள் கழித்து ஃபுகுஷிமாவில் கடல் இன்னும் உயரமாக வந்தது. இந்தக் கரையில் இருப்பவர்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 2011இல் கூடங்குளத்துக்குப் பக்கத்து மீனவர் ஊரான இடிந்தகரையில், லூர்து மாதா ஆலயத்தின் முன் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களுக்கு அறிவியல் தெரியாது என்று அன்று நிறைய பேர் பேசினார்கள். அவர்கள் கேட்டது மிகத் தெளிவான கேள்விகள். விபத்து நடந்தால் எந்தச் சாலையில் ஓடுவது? சுடுநீர் கடலில் கலந்தால் மீன் எங்கே போகும்? பயன்படுத்திய எரிபொருளை எங்கே வைப்பீர்கள்?

பதிலாக ஆயிரக்கணக்கானவர்கள் மேல் வழக்குகள் வந்தன. 2012 செப்டம்பரில் மணப்பாட்டில் ஒரு மீனவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி அளித்தபோது 15 நிபந்தனைகளும் விதித்தது. வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பயன்படுத்திய எரிபொருளுக்கு நிரந்தர இடம் ஒன்றும் இந்த நாட்டில் இன்னும் கட்டப்படவில்லை.

இதையும் சொல்ல வேண்டும்: கிடைத்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் எத்தனை உயிர் போனது என்று கணக்கிட்டால், அணுமின்சாரம் காற்றுக்கும் சூரியனுக்கும் பக்கத்தில்தான் வருகிறது. செர்னோபிலையும் ஃபுகுஷிமாவையும் சேர்த்த பிறகும் அப்படித்தான். நிலக்கரி அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மேலே இருக்கிறது. தினமும் மூச்சில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்வதால் செய்தியாவதில்லை. எனக்கு இதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஃபுகுஷிமாவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டுப் போனார்கள். கதிர்வீச்சால் இறந்தவர்களைவிட அந்த இடப்பெயர்வின் அலைச்சலில் இறந்த முதியவர்கள் பல மடங்கு. கூடங்குளத்தைச் சுற்றி, கடற்கரையை ஒட்டி நெருக்கமாக ஊர்கள். வெளியேற்றம் என்ற வார்த்தைக்கு இங்கே என்ன அர்த்தம் என்று அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசாமல் இன்னொரு இடத்தில் இன்னொரு உலை என்று பேசுவது தவறு.

ஆடிக்காற்றும் ஐப்பசி மழையும்

தமிழ்நாட்டுக்குக் காற்று ஒரு வரம். மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்கச் சுவராக நிற்காமல் பாலக்காட்டிலும் செங்கோட்டையிலும் ஆரல்வாய்மொழியிலும் விட்டுக்கொடுத்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல்களில் நெருங்கிப் புகுந்து வேகமெடுத்து வருகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர்கள் இந்த வாசல்களுக்கு எதிரே வாழ்ந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். 1986இல் தூத்துக்குடி பக்கத்து முள்ளக்காட்டில் சோதனையாகத் தொடங்கியது, இன்று மாநிலம் முழுவதும் 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. அதில் பெரும்பங்கு கோவை, திருப்பூர் மில்காரர்களும் மற்ற தொழிற்சாலைகளும் தங்கள் தேவைக்காகப் போட்டது. ஆடியில் உற்பத்தியாகும் யூனிட்டை மின்வாரியத்திடம் கணக்கில் வைத்துவிட்டு, காற்று இல்லாத மாதங்களில் எடுத்துக்கொள்வார்கள். பேங்கிங் என்பார்கள். அந்த வசதி இல்லாமல் இத்தனை காற்றாலைகள் எழுந்திருக்காது.

இங்கேதான் எனக்கு மிகவும் வருத்தமான ஒரு விஷயம் இருக்கிறது. முப்பந்தலில், காற்று மிக நன்றாக வீசும் இடத்தில் நிற்பவை பெரும்பாலும் முதலில் வந்த சின்ன இயந்திரங்கள். 225 கிலோவாட், 250 கிலோவாட், 500 கிலோவாட். இன்றைய ஒரு காற்றாலை 2,000, 3,000 கிலோவாட், உயரமும் இரண்டு மூன்று மடங்கு. நல்ல வயலில் வயதான மாட்டைக் கட்டி உழுவது போன்றது இது. பழையதைக் கழற்றிப் புதியதை நிறுத்தினால், புதிதாக நிலம் எடுக்காமலேயே பல மடங்கு மின்சாரம் வரும். 2024இல் மாநில அரசு இதற்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. நடைமுறையில் சிக்கல், ஒவ்வொரு பழைய காற்றாலைக்கும் ஓர் உரிமையாளர், அவருக்குச் சின்னத் துண்டு நிலம். பெரிய காற்றாலைக்கு இடைவெளி அதிகம் வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்றை நிறுத்திப் பங்கு போட வேண்டும். பேங்கிங் உரிமை பழையபடி தொடருமா என்ற பயமும் அவர்களுக்கு இருக்கிறது. யாராவது உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது. ஓர் உலைக்குத் தேவைப்படும் பொறியியலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அப்புறம் அந்தப் பருவச் சிக்கல். 2012ஐ நினைவு வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். அந்த ஆண்டு அக்டோபரில் காற்று ஓய்ந்ததும் சென்னைக்கு வெளியே மின்வெட்டு நாளுக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டியது. எங்கள் வீட்டில் ராத்திரி பனையோலை விசிறியை முறை வைத்து வீசினோம். படிக்கிற பிள்ளைகள் மெழுகுவர்த்தியில் அரையாண்டுத் தேர்வுக்குப் படித்தார்கள். காற்று வைகாசியில் எழுந்து புரட்டாசியில் படுத்துவிடும். அதை அடுத்து ஐப்பசி, கார்த்திகை அடைமழை. சூரியத் தகடுகளும் மேகத்துக்குக் கீழே. இரண்டும் ஒரே நேரத்தில் குறையும் வாரங்கள் உண்டு. மழையில் தேவையும் கொஞ்சம் இறங்கும் என்பது ஆறுதல். முழுத் தீர்வு இல்லை.

மின்சேமிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு ஓட்டைகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். சித்திரை மாத ராத்திரியில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது வரும் ஓட்டை நான்கைந்து மணி நேரத்துக்கானது. பகலில் சூரியன் கொட்டியதைப் பேட்டரியில் பிடித்து வைத்தால் அடைத்துவிடலாம். 1,000 மெகாவாட்டை நான்கு மணி நேரம் தர 40 லட்சம் யூனிட் சேமித்தால் போதும். பேட்டரி விலை இறங்கிக்கொண்டே வருவதால் இது இப்போது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கார்த்திகையில் ஒரு வாரம் மூட்டம் போட்டால் அதே 1,000 மெகாவாட்டுக்கு 16.8 கோடி யூனிட் வேண்டும். அதைப் பேட்டரியில் வைப்பது நடக்காது.

நீரேற்று மின் நிலையம் கொஞ்சம் கைகொடுக்கும். மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது. இது நமக்குப் புதிது இல்லை. ஆனைமலையில் காடம்பாறை 400 மெகாவாட் 1980களின் கடைசியிலிருந்தே இருக்கிறது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட் கட்டுகிறார்கள். ஆனால் மலையில் இன்னும் எத்தனை இடத்தில் அணை கட்டலாம்? சோலைக்காட்டை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

பருவ ஓட்டையை அடைக்க நம்பகமான வழி மின்பாதை. 2013 டிசம்பர் 31 வரை தென்னிந்தியக் கிரிட் நாட்டின் மற்ற பகுதியோடு முழுமையாக இணைந்து ஓடவே இல்லை. 2012இல் வடக்கே மின்சாரம் இருந்தாலும் தேவையான அளவு கொண்டுவர வழி இல்லாமல் தவித்தோம். ஆடியில் இங்கே மிஞ்சியதை வெளியே விற்கவும் பாதை போதவில்லை. இன்று சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் நிலையத்துக்கு 6,000 மெகாவாட் பாதை வந்துவிட்டது. நமக்கு அடைமழை பெய்யும் கார்த்திகையில் ராஜஸ்தானில் வானம் தெளிந்திருக்கும். நமக்கு ஆடிக்காற்று அடிக்கும்போது அங்கே மழைமேகம். இந்த இரண்டு ஊர்களும் ஒன்றுக்கொன்று கைமாற்று கொடுத்துக்கொள்ள முடியும்.

இந்த இடத்தில்தான் கூடங்குளத்துக்கு என் நன்றி. காற்றும் வெயிலும் கைவிடும் வாரங்களில் அடியில் ஒரு திண்ணை மாதிரி நிற்பது அதுதான். அதனால்தான் ஓடுகிற உலைகளை மூடச் சொல்லும் நண்பர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஆனால் அதே உலை ஆடி ராத்திரியில் இடைஞ்சலும் செய்யும். நம் நாட்டு அணுஉலைகளைப் பொதுவாகத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கி ஓட்டுவதில்லை. ஒரே அளவில் ஓடும். அனல் நிலையங்களை இறக்கக்கூடிய அளவுக்கு இறக்கிய பிறகும் மின்சாரம் மிஞ்சினால், நிறுத்தப்படுவது காற்றாலை. இலவசமாக வீசும் காற்றை வீணாக விட வேண்டியிருக்கும். உலைகள் கூடக்கூட இந்த மோதலும் கூடும். 5, 6ஆம் உலைகள் வரை முடிந்தால் கூடங்குளத்தில் மட்டும் 6,000 மெகாவாட் நிற்கும். அதற்கு மேல் இந்த மாநிலத்தின் காற்றோடு அது ஒத்துப்போகும் என்று நான் நினைக்கவில்லை.

மீதி இரண்டு

சிறு அணுஉலைகள் என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து, பழைய அனல் நிலையத்தின் இடத்திலேயே வைக்கலாம் என்கிறார்கள். நல்ல யோசனைதான். நம் நாட்டில் ஓடிக் காட்டிய ஒன்று வரட்டும், அப்போது விலையைப் பார்த்துப் பேசலாம்.

கடல் காற்றாலை வேறு கதை. கன்னியாகுமரிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடைப்பட்ட கடலில் ஆண்டின் அதிக மாதங்கள் நல்ல காற்று உண்டு. 2024 ஜூனில் மத்திய அரசு 7,453 கோடி ரூபாய் உதவித் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் 500 மெகாவாட் தமிழ்நாட்டுக் கடலுக்கு. விலை அதிகம், ஆனாலும் பருவ ஓட்டையைக் குறைக்கும் என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது. ஒரே கவலை, அந்தக் கடலிலும் வலை போடுவது அதே கரையின் மீனவர்கள். உலைக்காக ஒரு முறை அவர்களிடம் கேட்காமல் முடிவெடுத்தோம்.

ஆக, நான் பொறுப்பில் இருந்தால் வரிசை இப்படி இருக்கும். முதலில் முப்பந்தல், ஆரல்வாய்மொழி, கயத்தாறு பக்கத்துப் பழைய காற்றாலைகளை மாற்றுவது. அவற்றின் பேங்கிங் உரிமையை எழுத்தில் உறுதி செய்வது. கூடவே, புதிதாக வரும் ஒவ்வொரு சூரியப் பண்ணையோடும் நான்கு மணி நேரப் பேட்டரியைக் கட்டாயமாக்குவது. தென் மாவட்டங்களிலிருந்து வடக்கே போகும் மின்பாதைகளை, காற்றாலை வருவதற்கு முன்பே போட்டு வைப்பது. கூடங்குளத்தில் 3 முதல் 6 வரை முடிப்பது. முடிப்பதற்குள் சுற்றுவட்ட ஊர்களுக்கு வெளியேற்றத் திட்டத்தைத் தமிழில், கிராமசபையில் வைத்து விளக்குவது. 1980களை ஒட்டி வந்த தூத்துக்குடி அனல் நிலையத்தின் 210 மெகாவாட் யூனிட்டுகளை, சேர்ந்த பேட்டரி அளவைப் பார்த்து ஒவ்வொன்றாக நிறுத்துவது. உடன்குடிக்குப் பிறகு புது நிலக்கரி இல்லை.

இரண்டு விஷயங்கள் நடந்தால் என் முடிவை மாற்றிக்கொள்வேன். கூடங்குளத்தின் 5, 6ஆம் உலைகள், 2021இல் தொடங்கியவை, சொன்ன செலவில், சொன்ன தேதிக்குப் பக்கத்தில் ஓடத் தொடங்கினால், புது உலையைப் பற்றிய என் கணக்கில் காலம் என்ற பெரிய கழித்தல் போய்விடும். அதுபோல, பத்து ஆண்டுகள் கழித்தும் கார்த்திகை மாத மின்சாரத்துக்கு எண்ணூரையும் மேட்டூரையும்தான் நம்பியிருக்கிறோம் என்றால், காற்றையும் வெயிலையும் நம்பி நான் போட்ட இந்தக் கணக்கு பிழை என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.